விழிப்பும் அறிவும்

சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மையை நாட்டப் புகுந்து, உடம்பே உயிர், பொறியே உயிர், பிராணவாயுவே உயிர் என்பார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கின்றது. அவற்றுள் பிராணவாயுவே அறிவது என்பானை மறுக்குமிடத்து மெய்கண்டதேவர் காட்டும் ஏது மிக எளியது. உறங்குவானிடத்து மூச்சு இயங்கிக்கொண்டேயிருக்கின்றது. ஆயினும் அவனுக்கு நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே அறிவதாயின் மூச்சு உள்ளவளவும் அறிவும் நிகழ்தல் வேண்டும். அங்ஙனம் நிகழாமையின் அறிவது பிறிதொன்று என்க.

உயிர்ப்பு வேறு, அறிவு வேறு என்னும் இவ்வேறுபாடு தருக்க நூலாரிடை வழங்கும் நுண்பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவர் இதனை நோயாளியின் படுக்கையருகே நின்று ஆராயவேண்டிய நிலை நேர்ந்தது. அவர் மற்றும் ஒருபடி சென்று, கண் விழித்திருத்தல் வேறு, அறிந்திருத்தல் வேறு எனவும் பிரித்தறியவேண்டியவராயினர். அப்பிரிவு தோன்றிய வரலாற்றையும், அது தோன்றுமுன்னரும் பின்னரும் நேர்ந்த பிழைகளையும் ஒருவாறு தொகுத்துரைத்தலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

பழைய நாளில் முதற்கண் எழுந்த வினா, அறிவு உடம்பின் எவ்விடத்தைப் பற்றி விளங்குகின்றது என்பதேயாம். கிரேக்கர் காக்கைவலிப்பைத் 'தெய்வ நோய்' என வழங்கினர். ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் நிலவும் நூற்றொகுதியில் அந்நோயைப் பற்றித் தனிநூலொன்று உளது, அது கி.மு. 400-ஐ அடுத்து எழுந்தது. அந்நூலாசிரியர், இந்நோய் ஏனை நோய்களினும் தெய்வத்தன்மை மிக்கதன்று என்றும், தம் அறியாமையை மறைத்துப் பொருளீட்ட விழைந்த மந்திரக்காரரே இதனைத் தெய்வத்தின்மேல் ஏற்றினர் என்றும் கடிந்துரைக்கின்றார். இன்பதுன்பங்களும், காண்டல் கேட்டல்களும், நன்று தீது பகுத்தலும் மூளையாலேயே நிகழ்வன என்பது அவர் முடிபு. வெள்ளாட்டுக்கு இந்நோய் மிகுதியும் வருவதென்றும், அத்தகைய ஆட்டின் தலையைப் பிளந்து நோக்கின் மூளை நீர்கோத்து நாறுதலைக் காணலாமென்றும் அவர் சான்று காட்டுதல் நோக்கத்தக்கது. கோழை குழாய்களை அடைத்துக் காற்றைத் தடுத்தலே நோய்க்குக் காரணம் என்று அவர் தந்த விளக்கம் பிழையேயாம். ஆயினும், வாதத்தை விடுத்துப் பொருளைத் திறந்து பார்மின் என்று கூறிய துணிவு பாராட்டற்குரியது.

தமிழில் இந்நோய்க்கு முயலகன் என்பது பெயர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகள் இந்நோயால் உணர்வழிந்து கிடந்ததும், திருஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகம் அருளப் பிணி நீங்கி எழுந்ததும் திருத்தொண்டர் புராணத்தால் யாவரும் அறிந்தன. கூத்தப்பிரான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனை மலத்தின் அடையாளமாகவும் கொள்ளுவர். அறிவை மறைக்கும் மலத்திற்கும், அறிவை மயக்கும் நோய்க்கும் ஒரு பெயரே அமைந்திருத்தல் நினைக்கத்தக்கது. கிரேக்க ஆசிரியர் கடிந்தது நோயின் காரணத்தைத் தெய்வத்தின்மேல் ஏற்றி வயிறு வளர்த்தாரை; பதிகமோ ஓர் அடியவர் செய்துகொண்ட விண்ணப்பம்; நோய்க்காரணம் கூறவந்த நூலன்று. இரண்டனையும் ஒன்றாக்கி, ஒன்றால் மற்றொன்றைப் பழிப்பார் இரண்டனையும் படித்தவராகார்.

வடமொழி மருத்துவ நூல்களுள் சரகம் மயக்கநிலைகளை மதம், மூர்ச்சை, சந்நியாசம் என மூன்றாகப் பகுத்தது. முன்னிரண்டும் தோடங்களின் வேகம் தணியத் தாமே நீங்கும். மூன்றாவது மருந்தின்றி நீங்காது என்பது அதன் கூற்று. தாமே தெளிவனவற்றையும் தெளியாதனவற்றையும் இங்ஙனம் பிரித்தமை நோயாளிகளை நெடிது நோக்கியிருந்தார்க்கன்றி இயலாது. எல்லாவற்றையும் துறந்து கிடத்தல் பற்றிப்போலும் இறுதி நிலைக்குச் சந்நியாசம் எனப் பெயரிட்டனர். எனினும், அறிவுக்கு நிலைக்களம் இதயமென்றே ஆயுள்வேத நூல்கள் பெரிதும் கொண்டன. கிரேக்கருள் அரிஸ்டாட்டிலும் இதயத்தையே கொண்டு, மூளையைச் சூடு தணிக்கும் உறுப்பாக மதித்தார்.

இவ்வழக்கைச் செயலால் தீர்க்க முயன்றவர், உரோமைப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர். அவர் பிறந்தது கி.பி. 129. உயிருள்ள விலங்கின் இதயத்தை அழுத்திய காலத்து அது குரலையும் உணர்வையும் இழந்திலது. மூளையின் உள்ளறைகளை அழுத்தியபொழுதோ உடனே மயங்கிக் கிடந்தது. அழுத்தத்தை நீக்க மீண்டும் உணர்வு பெற்றது. இக்கொடுஞ்சோதனையைப் படிக்க நெஞ்சம் கூசுமாயினும், அறிவின் விளக்கத்திற்கு மூளை இன்றியமையாத கருவி என்பது இதனால் நன்கு துணியப்பட்டது. பின்வந்தோர் நெமீசியஸ் என்னும் ஆயர் வழிநின்று, மூளையின் முன்னறையில் கற்பனை, நடுவறையில் ஆராய்ச்சி, பின்னறையில் நினைவு எனப் பங்கிட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதனையே உருப்போட்டு வந்தனர். 1543-இல் வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலில் அதனை ஐயுற்றார். 1664-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அறைகளை விடுத்து மூளையின் திண்ணிய பகுதிகளுக்கே தொழில் வகுத்தார். இவ்விடைக்காலத்தைப் பற்றி இதற்குமேல் விரித்தல் வேண்டா.

தத்துவ நோக்கில் பெரிதும் பயன்படுவது பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர்க்கும் லாக் என்னும் ஆங்கில அறிஞர்க்கும் இடையே அமைந்த கருத்து வேறுபாடு. டேக்கார்ட் 1649-இல் வெளியிட்ட நூலில், மூளையின் உறுப்புக்களெல்லாம் இரட்டையாயிருக்கப் பினியல் என்னும் சிறு சுரப்பி ஒன்றே தனித்திருத்தலின், ஆன்மா உடம்போடு தொடர்புகொள்ளும் இடம் அதுவே என்றார். இது பிற்காலத்தார் நகைத்து ஒதுக்கிய கொள்கை. ஆனால் அவரது மற்றொரு கொள்கை எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆன்மாவின் இயல்பே எண்ணுதல். ஆதலின் உறக்கத்திலும் மயக்கத்திலும் கருப்பையிலுங்கூட ஆன்மா எண்ணிக்கொண்டேயிருக்கும். நினைவில் தங்காமையின் நாம் மறந்துவிடுகின்றோம் என்பது அது. மருத்துவமும் பயின்ற லாக், 1690-இல் வெளிவந்த நூலில் இதனை மறுத்தார். கனவற்ற உறக்கத்தில் ஒருவன் தான் அறியாமலே எண்ணிக்கொண்டிருந்தான் என்பது, அவனுக்கே தெரியாத இன்பதுன்பங்களை அவன்மேல் ஏற்றுதலாகும் என்றார்.

சித்தாந்தம் பயின்றார் இவ்விருவர் வழக்கையும் கேட்கும்பொழுது, இருவரும் ஒவ்வொரு பாதியைப் பற்றி நின்றனர் என்பதைக் காண்பர். உயிர் அறிவுடைப் பொருளே. ஆயினும் தானே விளங்கி அறிவதன்று. கருவிகள் விளக்க அறிவது, அவை நீங்க ஆணவத்தால் மறைப்புண்டு கேவலத்திற் கிடப்பது. அறிவு நிகழாமை அறிவுடைப் பொருள் இன்மையாகாது. அறிவுடைப் பொருள் உண்மை எப்பொழுதும் அறிதலும் ஆகாது. நான்காஞ் சூத்திரம், அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என விலக்கி, அமைச்சரோடு கூடிய அரசனைப்போல ஆன்மா அவற்றோடு கூடி ஐந்தவத்தைப்படும் என்று கூறுதலின் கருத்தும் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரத்து மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், காக்கைவலிப்பு என்பது மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென மிகையாக நிகழும் ஆற்றல் வெளிப்பாடே என்று 1873-இல் வரையறுத்தார். அவர் 1888-இல் எழுதிய நோய்வரலாறு ஒன்று நம் பொருட்கு மிகவும் வேண்டப்படுவது. நோயாளி தாமும் ஒரு மருத்துவரே. மார்புநோய் கொண்ட ஓர் இளைஞனைச் சோதிக்கப் புகுந்தவிடத்து, மார்பொலி கேட்கும் குழலை எடுக்கும் அளவில் தமக்கு நோய் வருதலை உணர்ந்தார். அடுத்து அவருக்கு நினைவு வந்தபொழுது அவ்வறையிலேயே எழுதுமேசையின் அருகில் அமர்ந்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் நோயாளியின் மார்பைச் சோதித்து, இடப்புற நுரையீரலின் அடிப்பகுதியில் அழற்சி என்று எழுதியும் வைத்து, படுக்கைக்குச் செல்லுமாறு பணித்தும் இருந்தார். அவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் இல்லை. பின்னர் மீட்டும் சோதித்துப் பார்க்க, முன் எழுதியதே சரியாயிருந்தது! கை இயங்கியது, கண் கண்டது, கற்ற கல்வியும் தொழிற்பட்டது. கண்டது யாது என்று சொல்லவல்ல அவ்வறிவு மட்டும் அங்கே இருந்ததோ இல்லையோ என்பதை எவர் துணிவார்? செயலைக் கண்டு அறிவை அனுமித்தல் எவ்வளவு வழுக்கக்கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இதற்கு மறுதலையான வழுக்கு, செயலின்மை கண்டு அறிவின்மை துணிதல். அதன் கொடுமையைப் பின்னர்க் காண்போம்.

முதல் உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலத்து, 1916-17 குளிர்காலத்தில், வியன்னா நகரத்து மருத்துவ நிலையத்திற்கு விந்தையானதோர் உறக்கநோய் கொண்டார் பலர் வந்தனர். அங்கிருந்த வான் எக்கானமோ என்னும் மருத்துவர் அந்நோயை 1917-இல் முதன்முதல் விரித்தெழுதினார். அந்நோயாளர் உண்ணும்பொழுதே உறங்கினர், நிற்கும்பொழுதே உறங்கினர். எழுப்பினால் எழுந்து முறையாக விடை கூறினர். விட்டவுடன் மீளவும் உறங்கினர். அறிவு சிதையவில்லை, விழித்திருக்கும் ஆற்றலே சிதைந்தது. மற்றுஞ் சிலர் இதற்கு நேர்மாறாக, உறக்கமே வாராது இரவுபகல் அலமந்தனர். இறந்தோர் மூளைகளை ஆராய்ந்தபொழுது, உறங்கினார்க்கு மூளைத்தண்டின் மேற்பகுதியும் ஹைப்போதலமஸ் என்னும் உறுப்பின் பின்பகுதியும் சேருமிடத்தில் சிதைவும், உறங்காதார்க்கு அவ்வுறுப்பின் முன்பகுதியில் சிதைவும் இருக்கக் கண்டார். அதுகாறும் உறக்கம் என்பது களைத்த மூளை ஓய்தல், விழிப்பு என்பது புறப்பொருள்கள் பொறிகளைத் தாக்குதலால் தானே நிகழ்வது என எண்ணியிருந்தனர். விழிப்பிற்கெனத் தனிக்கருவி ஒன்று உண்டு, உறக்கத்திற்கெனவும் தனிக்கருவி ஒன்று உண்டு என்பது எக்கானமோவின் முடிபு. 1931-இல் அவர் காலமானார். 1998-இல் அப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் விழிப்பைக் காக்கும் ஒரு சுரப்பை ஆக்குகின்றன என்றும், சில ஆண்டுகளில் அவ்வணுக்கள் அழிதலே அடக்கவொண்ணாத பகலுறக்க நோய்க்குக் காரணம் என்றும் காணப்பட்டமையால் அவர் முடிபு வலியுற்றது. அவர் விரித்துரைத்த அப்பெருவாரி நோயோ 1920-களின் இறுதியில் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அதன் காரணம் இன்னும் துணியப்படவில்லை.

அந்நோய் விட்டுச்சென்றவருள் பலர் ஆண்டுகள் சென்றபின் சிலைபோல் உறைந்தனர். நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் பல்லாண்டுகள் அவ்வாறு இருந்தார்க்கு 1969-இல் ஆலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவர் எல்-டோப்பா என்ற மருந்தைக் கொடுத்தார். அவர்கள் எழுந்தனர், நடந்தனர், பேசினர். பலர்க்கு அந்நலம் நெடிது நிலைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. எனினும் அவர்கள் பேசிய சில நாட்களில் சொல்லியவை உலகத்தார் கேட்கத்தக்கன. ஒருவர் தாம் உறைந்திருந்த ஆண்டுகளில் உலகில் நிகழ்ந்த பெருநிகழ்ச்சிகளையும் அவற்றின் நாட்களையும் அறிந்திருந்தார். ஆனால் அவை தமக்கு மெய்யாகத் தோன்றவில்லை என்றார். சுற்றியிருந்தோர் அவரைக் கல்லாக நினைத்திருந்த காலத்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி மூளையின் மின்னலைகளைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஜெர்மனியில் யேனா நகரத்துப் பேராசிரியர் ஹான்ஸ் பெர்கர், மண்டையோட்டின்மேல் மின்முனைகளை வைத்து மக்கள் மூளையின் மின்னசைவை 1924-இல் முதன்முதற் பதிவுசெய்தார். ஐந்தாண்டு தயங்கி 1929-இல் வெளியிட்டார். இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையினின்று வீழ்ந்து அவர் உயிர்தப்பிய அன்றே, தொலைவிலிருந்த தமக்கையார்க்குக் காரணமின்றி அச்சந்தோன்றித் தந்தி வந்தது. உள்ளம் உள்ளத்தோடு பேசும் வழி யாது என்று தேடத் தொடங்கியே அவர் இவ்வாராய்ச்சியிற் புகுந்தார். தேடியது கிடைத்திலது, கிடைத்தது பிறிதொன்று. கண்மூடி அமைதியுற்றிருப்பார்க்கு ஒருவகை அலை, கண் திறந்து கருதுவார்க்கு மற்றொருவகை அலை, ஆழ்ந்துறங்குவார்க்கு வேறொருவகை அலை என அவத்தைகள் தாளில் எழுதப்படலாயின. 1949-இல் பைசா நகரத்து மொருட்சியும் அமெரிக்கராகிய மகூனும், மயக்கமருந்தூட்டிய பூனையின் மூளைத்தண்டில் வலைபோற் பின்னிய நரம்புப் பகுதியைச் சிறிதே மின்னால் தூண்ட, உறக்க அலைகள் நீங்கி விழிப்பலைகள் மூளைமுழுதும் பரவுதலைக் கண்டனர். எக்கானமோ இறந்தோர் மூளையிற் கண்டதை இவர் உயிருள்ளதன்பாற் கண்டனர். 1953-இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவாரின் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளைகளில் எழுப்பினால் அவர் பெரும்பாலும் கனவு கூறுகின்றனர் என்றும் வெளியிட்டனர்.

நனவு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கருவிகளின் கூட்டத்தாலும் நீக்கத்தாலும் விளக்குதல் நம் நூல்களுக்குப் பழகிய முறை. நனவில் 35 கருவிகளும், பொறிகளும் தொழிற்கருவிகளுமாகிய பத்தும் நீங்கக் கனவில் 25-உம், உறக்கத்தில் பிராணன் சித்தம் புருடன் என 3-உம், பேருறக்கத்தில் 2-உம், உயிர்ப்படக்கத்தில் 1-உம் நிற்கும் என்ப. ஈண்டுத் துரியம் என்பது வேதாந்திகள் உயர்நிலையாகக் கூறும் துரியம் அன்று. மூச்சொன்று நிற்க மற்றையவெல்லாம் ஒடுங்கிய கீழ்நிலை. ஆழ்மயக்கங் கொண்டு கிடப்பானை நோக்குவார்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். ஆனால், இது கொண்டு மேனாட்டார் இன்று கண்டதனைத்தும் நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மார்தட்டுவார் கூற்றை யாம் உடன்படமாட்டோம். நம் நூல்கள் ஐந்தவத்தைக்கும் புருவநடு, கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் என இடங் கூறின, மூளைத்தண்டு கூறவில்லை. அவற்றின் நோக்கம் நோய் தீர்த்தலன்று. கருவிகளினின்றும் ஆன்மாவைப் பிரித்துணர்த்தலே. நோக்கம் வேறாகிய இரண்டு நூல்களை வலிந்து ஒன்றென நாட்டுதல் இரண்டற்கும் இழுக்கு.

1952-இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத்தசைகள் செயலிழந்து குழந்தைகள் மடிந்தனர். பியோர்ன் இப்சென் என்னும் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்திக் கையால் பையை அமுக்கிக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகல் அமர்ந்து அப்பைகளை அமுக்கினர். பின்னர் அத்தொழிலைப் பொறிகள் ஏற்றன. இவ்வாறு காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் முன்னெப்பொழுதும் இல்லாததோர் இடரும் இதனோடு தோன்றியது. மூளை பெரிதும் சிதைந்தும் மூச்சு நில்லாத உடம்புகள் மருத்துவமனைகளிற் கிடந்தன. பிராணன் உள்ளது, அறிவு உள்ளதோ? மெய்கண்டதேவர் தருக்கத்தில் எடுத்துக்கொண்ட வினாவே உறவினர் முகத்தைப் பார்த்து மருத்துவர் விடைசொல்லவேண்டிய வினாவாயிற்று. 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் இருவர் மீளமுடியாத இறுதி மயக்கத்தை வரைந்துரைத்தனர். 1968-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது.

சாவாதும் தெளியாதும் எஞ்சியவர் வேறொரு கூட்டம். சில வாரங்களில் அவர்கள் கண் திறந்தனர். பகலில் விழித்தனர், இரவில் உறங்கினர். தாமே மூச்சு விட்டனர். ஆனால் அழைத்தாற் கேட்டதற்கோ, காட்டினாற் கண்டதற்கோ அடையாளம் இல்லை. 1972-இல் கிளாஸ்கோ நகரத்து ஜென்னெட்டும் நியூயார்க் நகரத்துப் பிளமும் இந்நிலைக்கு 'நிலைத்த தாவரநிலை' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். விழிப்பு உண்டு, அறிவு இல்லை என்பது அதன் இலக்கணம். இரண்டாண்டு கழித்து ஜென்னெட்டும் டீஸ்டேலும் மயக்கத்தை அளக்க ஓர் அளவுகோல் அமைத்தனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என 15 மதிப்பெண். யாதும் இல்லார்க்கும் 3 உண்டு. இன்றும் விபத்துற்றாரை ஏற்கும் மருத்துவமனைகளில் முதலில் எழுதப்படுவது இவ்வெண்ணே. பெயரைப் பற்றி ஒரு சொல். மேனாட்டார் அகராதியில் தாவரம் என்பது அறிவற்ற வாழ்வுக்கு உவமை. தொல்காப்பிய மரபியலோ புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வைத்தது. தமிழ் மரபறிந்தான் ஒருவன் அறிவின்மைக்குப் பெயர் தேடியிருப்பின் மரத்தைச் சுட்டியிருக்கமாட்டான். மேனாட்டாரும் பின்னர் இப்பெயரின் குறையை உணர்ந்து, 2010-இல் 'மறுமொழியற்ற விழிப்புநிலை' எனப் பொருள்படும் பெயரை முன்மொழிந்தனர். இது திருத்தமானது, காணப்படுவது மறுமொழி இன்மையே, அறிவின்மை காணப்படுவதன்று, கருதப்படுவது.

கருதலளவையில் ஏது பிழைத்தால் முடிபும் பிழைக்கும். இலண்டன் மருத்துவமனை ஒன்றுக்குத் தாவரநிலையினர் என்று அனுப்பப்பட்ட 40 பேரை நெடிதாராய்ந்த மருத்துவர், அவருள் 17 பேர் உண்மையில் அறிவுடையவராயிருந்தனர் என்று 1996-இல் வெளியிட்டனர். அப்பதினெழுவருள் பெரும்பாலோர் பார்வையிழந்தவர், அல்லது பார்வை மிகக் குன்றியவர். பொருளைக் கண்ணாற் பின்தொடரவில்லை என்பதையே அறிவின்மைக்கு ஏதுவாகக் கொண்டனர் முன்னையோர். கண்ணென்னும் கருவியின் குறையை உயிரின் குறையாகக் கொண்டதன்றோ இப்பிழை! 1995 டிசம்பரில் மூளைத்தண்டிற் குருதித் தாக்கு நேர்ந்த பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஜான் தொமினிக் பொபி, இடக்கண் இமையொன்றையன்றி உடம்பில் யாதும் அசைக்க இயலாதவராயினார். பிறர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்தபொழுது இமைத்து இமைத்து ஒரு நூல் முழுதும் எழுதுவித்தார். 1997 மார்ச்சில் அந்நூல் வெளிவந்தது. அத்திங்களே அவர் இறந்தார். அவ்விமையும் அசையாதிருந்திருப்பின் அவரை யாவர் அறிந்திருப்பார்?

இவ்வினாவுக்கு விடை 2006-இல் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. ஏட்ரியன் ஓவென் என்பாரும் அவர் குழுவினரும், விபத்தில் மூளை சிதைந்து தாவரநிலையில் ஐந்து திங்களாகக் கிடந்த 23 வயதுப் பெண்ணொருத்தியைக் காந்தப்பொறியுள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைக்குமாறும், பின்னர்த் தன் வீட்டின் அறைதோறும் நடப்பதாக நினைக்குமாறும் கூறினர். உடம்பில் அசைவு சிறிதும் இல்லை. மூளையிலோ, முதற் கட்டளைக்கு இயக்கத்தை வகுக்கும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை நினைக்கும் பகுதியும், நலமுடையார்க்குப் போலவே கிளர்ந்தன. 2010-இல் 54 பேரை இங்ஙனம் ஆராய்ந்ததில் 5 பேர் கட்டளைப்படி நினைக்க வல்லராயிருந்தனர். அவருள் ஒருவர்க்கு, 'ஆம்' எனின் டென்னிசை நினைக்க, 'இல்லை' எனின் வீட்டை நினைக்க என்று சொல்லித் தந்தை பெயர் முதலிய வினாக்கள் ஆறு கேட்கப்பட்டன. ஐந்திற்குச் சரியான விடை கிடைத்தது. 2024-இல் பல நாடுகளின் மருத்துவர் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், படுக்கையருகே எக்கட்டளைக்கும் மறுமொழி தாராத 241 பேருள் 60 பேர், அஃதாவது நால்வருள் ஒருவர், மூளையால் மறுமொழி தந்தனர்.

இவ்வறிவு வெறுங்கல்வியாக நில்லாமைக்குக் காரணம், இக்கிடப்பாரைப் பற்றி நீதிமன்றங்களும் முடிவுசெய்ய நேர்ந்தமை. நம் நாட்டிலேயே, மும்பை மருத்துவமனை ஒன்றில் கொடியோன் ஒருவனால் 1973-இல் தாக்குண்டு மூளை சிதைந்த செவிலியர் ஒருவர் 42 ஆண்டுகள் கிடந்தார். அவர்க்கு உணவூட்டலை நிறுத்தவேண்டும் என்ற விண்ணப்பத்தை உச்சநீதிமன்றம் 2011-இல் ஆராய்ந்து, பொதுநெறியில் சில கட்டுப்பாடுகளோடு அதற்கு இடந்தந்தும், அவர் திறத்தில் மறுத்தது. அவரை உடன்பிறந்தவராக எண்ணித் தலைமுறை தலைமுறையாகப் பேணிய செவிலியர் அது வேண்டா என்று நின்றனர். 2015-இல் அவர் நுரையீரல் அழற்சியால் இறந்தார்.

மூளையை ஆராய்ந்தவருள் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் கனடா நாட்டு அறுவை மருத்துவரை இறுதியிற் குறிப்பிடல் வேண்டும். உணர்வோடிருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டவர் அவர். தொடக் கை அசைந்தது; 'யான் அசைத்திலேன், நீர் அசைத்தீர்' என்றனர் நோயாளிகள். தொடப் பழைய நினைவுகள் தோன்றின. ஆயினும், தொட்டவளவில் ஒருவனை நம்பச்செய்யும் இடமோ துணியச்செய்யும் இடமோ மூளையில் யாண்டும் கண்டிலேன் என்று 1975-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இதனை உயிருண்மைக்குச் சான்றெனக் கொண்டாடுவார் உளர். அவர் தொடாத இடங்களும் உள. தொடும் முறையும் ஒன்றன்று. ஆதலின் இது சான்றாகாது என்பாரும் உளர். காண்டலளவைக்கு எட்டாத ஒன்றைக் காண்டலால் நாட்டப் புகுதல் நம் அளவை நூலார்க்கு உடன்பாடன்று. ஆதலின் பின்னையோர் கூற்றே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. மின்முனையும் காந்தப்பொறியும் காட்டுவன கருவிகளின் தொழிலை. அத்தொழில் கொண்டு அறிவானை அனுமிக்கும் நெறி, உறங்குவான் மூச்சைக் கண்டு மெய்கண்டதேவர் வகுத்த நெறியே. கேம்பிரிட்ஜ்ப் பெண்ணின்பால் மருத்துவர் செய்ததும் அனுமானமே; அன்றுவரை கொள்ளாத ஏதுவொன்றை அவர் கொண்டனர், அவ்வளவே.